எண்ணி வாங்கிய வைக்கோலுக்கு நிறை பார்த்துக் காசா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எனக்கு வயல் இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்ததும் மெசின் பிடித்து வைக்கோலைக் கட்டினேன். மொத்தம் 600 கட்டு. மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் வயலுக்கே வந்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். கட்டு 300 ரூபாய் என்று பேசி, 30,000 ரூபாய் முற்பணம் தந்தார். எழுத்து எதுவும் இல்லை. 380 கட்டு ஏற்றிப் போனார். மிச்சத்துக்கு மூன்று நாளில் லொறி அனுப்புவதாகச் சொன்னவர் இரண்டு வாரமாக வரவில்லை. இடையில் மழை. இப்போது "கட்டெல்லாம் நிறை குறைவு, கிலோக் கணக்கில்தான் தருவேன், நனைந்தது எனக்கு வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: எழுத்து இல்லையே என்று பயப்பட வேண்டாம். இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தாலோ, பொருளில் ஒரு பகுதியை ஏற்று எடுத்திருந்தாலோ வாய்ப்பேச்சும் வழக்கில் நிற்கும். இங்கே இரண்டும் நடந்திருக்கிறது.

வைக்கோலை நிறுத்து விற்பதுதான் நியாயம் என்பது என் எண்ணமும்தான். இறுக்கிக் கட்டியதும் தளரக் கட்டியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈரக்கட்டு காயக் காய நிறை இறங்கும். ஆனால் அதையெல்லாம் விலை பேசும்போதே பேசியிருக்க வேண்டும். கட்டுக் கணக்கில் பேசி, கொண்டுபோய் மாட்டுக்கும் போட்ட பிறகு தராசைத் தூக்க முடியாது. உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது என்று அவர் நிரூபித்தால், அந்த நட்டத்தைக் கழிக்கக் கேட்கலாம், அவ்வளவுதான். 380 கட்டுக்கு 1,14,000 ரூபாய். முற்பணம் போக 84,000 அவர் தர வேண்டும்.

சிக்கல் வயலில் கிடக்கும் 220 கட்டில்தான். நட்டம் யார் தலையில் என்பது, மழை பெய்த அன்று வைக்கோல் யாருடையது என்பதைப் பொறுத்தது. ஆயிரம் கட்டில் ஏதோ 600 என்று பேசியிருந்தால், பிரித்து ஒதுக்கும்வரை அது உங்களுடையது, நட்டமும் உங்களுக்கே. நீங்களோ வயலில் கட்டிக் கிடந்த அத்தனையையும் எண்ணிக் காட்டி விற்றிருக்கிறீர்கள். அப்படிக் குறித்த பொருள், வேறு விதமாகப் பேசாவிட்டால், பேச்சு முடிந்தபோதே வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும். காசும் லொறியும் பிறகு வந்தாலும் சரி. போதாக்குறைக்கு, தாமதம் அவருடையது. தாமதத்தால் வந்திருக்கக்கூடிய சேதத்தைத் தாமதித்தவரே சுமக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனாலும் ஒரு தறப்பாளாவது போட்டீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். போட்டிருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

அந்தக் கட்டுகளை அப்படியே அழுக விடாதீர்கள். அவருக்குச் சொந்தமானாலும், காசு வராததால் அறிவித்துவிட்டு நீங்கள் விற்கலாம். "இத்தனை நாளில் காசு தந்து எடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்பேன், குறையும் காசை உங்களிடம் கேட்பேன்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம், வாட்ஸ்அப்பிலும் ஒன்று. இலத்திரனியல் செய்தி என்பதற்காக மட்டும் அதைச் சட்டம் தள்ளிவிடாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே வந்தது. அப்புறம் கிடைக்கும் நல்ல விலைக்கு விற்றுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் தீவனமென்று யாருக்கும் கொடுக்காதீர்கள், அடுத்த வழக்கு உங்கள் மேல் வரும். மரக்கறித் தோட்டக்காரர்கள் மூடாக்குக்கு, அதாவது செடியடி மண்ணை மூட, எடுப்பார்கள்.

பொலிசுக்குப் போய்ப் பயனில்லை, இது சிவில் கடன். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், இணக்கசபை என்போமே, அதுதான். அங்கே தீராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம். விற்று ஒப்படைத்த பொருளின் கடனுக்கு வழக்குப் போட, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தரும் காலம் ஒரே வருடம். லொறி போன திகதியை நீங்கள் எழுதவில்லை. லொறிக்காரரிடம் கேட்டு இன்றே குறித்து வையுங்கள்.