இருக்கும் பொருட்களை வைத்தே வீட்டை மாற்றியமைக்க ஆள் அமர்த்தலாமா?

புதிதாக எதையும் வாங்காமல், வீட்டில் இருக்கும் சோபா, அலமாரி, விளக்கு, படங்களை வைத்தே வீட்டின் தோற்றத்தை மாற்றித் தர ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்துவது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் செலவு அல்ல என்பதே என் பதில். ஆனால், வருபவருக்கு வருமானம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள் அலங்காரத் தொழிலில் இருப்பவர்களில் பலர், ஆலோசனைக் கட்டணத்தோடு, தாங்கள் வாங்கித் தரும் பொருட்களின் மீது கமிஷனும் பெறுவார்கள். அது அத்தொழிலின் வழக்கமான முறைகளில் ஒன்றுதான். குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆயினும் எதையும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்ட உங்களுக்கு அப்படிக் கமிஷன் பெறுபவர் பொருந்தமாட்டார். மணிக்கணக்கிலோ அறைக்கு இவ்வளவு என்றோ கட்டணம் பேசி, யோசனைக்கும் உழைப்புக்கும் மட்டுமே பணம் பெறுபவரைத் தேடுங்கள். பொருள் விற்பனையில் பங்கு உண்டா என்பதை முதல் பேச்சிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வரவேற்பறையை மட்டும் மாற்றத்தான் ஒரு பெண்மணியை அழைத்திருந்தோம். அவரோ படுக்கையறை, சமையலறை, பரண் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அளவு நாடாவைக் கையில் எடுத்தார். ஓர் அறைக்குத் தேவைப்படும் பொருள் பெரும்பாலும் வேறோர் அறையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் என்பது அவர் அனுபவம். அப்படித்தான் படுக்கையறை மூலையில் சட்டைகளைத் தொங்கவிட மட்டுமே பயன்பட்டுவந்த நிற்கும் விளக்கு, வரவேற்பறையில் படிப்பதற்கான நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவிலான மஞ்சள் ஒளி பல்பைப் போட்டு, கூரையின் வெள்ளை விளக்கை அணைத்தபோது அந்த அறையின் மாலை நேரமே மாறிப்போனது.

சிறு பொருட்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பெரியவற்றுக்கு இடம் முடிவான பிறகே மற்றவற்றை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்ததால் பகலெல்லாம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்த தொலைக்காட்சி பக்கச் சுவருக்குப் போயிற்று. சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ., ஆட்கள் நடக்கும் வழியில் 90 செ.மீ. என்று அளந்தே வைத்தார். கதவு நிலைக்கும் மேலே தொங்கிய படங்களை, அவற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தில், நிற்பவரின் பார்வைக்கு நேராக வரும்படி இறக்கினார். இந்த அளவுகளை நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் தினமும் பார்த்துப் பழகிய வீட்டில் எந்தப் பொருள் இடம் மாற வேண்டும் என்பது நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை; நான் கொடுத்த பணம் அந்தப் புதிய கண்ணுக்குத்தான்.

நீங்கள் அமர்த்துபவர் வருவதற்கு முன் எல்லா அறைகளையும் உள்ளது உள்ளபடி படம் எடுத்து அனுப்புங்கள். எதை நகர்த்தக் கூடாது, எதைக் கொடுத்துவிடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கனமான பொருட்களைத் தூக்க ஆள் யார் கொண்டுவருவது, சுவரில் துளையிடுவது கட்டணத்தில் அடங்குமா, தரையில் கீறல் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், இடம் மாற்றிய உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தாமல் அவரை அனுப்பாதீர்கள். நடைபாதையின் குறுக்கே எக்ஸ்டென்ஷன் வயர் போட வேண்டியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்க வேண்டாம்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன். புழங்கிப் பார்த்த பிறகு அவர் மறுபடியும் ஒருமுறை வந்து திருத்தித் தருவதை அதே கட்டணத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெண்மணி ஓரமாகத் தள்ளிவைத்த மர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் என் மாமியார் இரவில் குளியலறைக்கு நடந்து போவார். இது வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டாம் முறை வந்தபோது விஷயத்தைக் கேட்டறிந்து, நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி டீபாயை நகர்த்திக் கொடுத்தார்.