விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கம்ப்யூட்டரில்: ஒன்றின் பார்ட்டிஷன் மற்றொன்றில் தெரியாமல் மறைக்க முடியுமா?

தாராளமாக முடியும். விண்டோஸ் பக்கம் பெரும்பாலும் வேலையே இருக்காது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவின் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை, விண்டோஸால் படிக்க முடியாது. ஜிபிடி (டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ஒரு முறை) டிஸ்க்கில் அதன் வகை 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்று இருந்தால் டிரைவ் எழுத்தும் கொடுக்காது. வகை 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்று அமைந்துவிட்டால்தான் வம்பு. ஈ, எஃப் என்று புதிதாக ஒரு டிரைவ் முளைக்கும். அதைத் திறந்தால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வீட்டில் யாராவது சம்மதம் கொடுத்தால் உபுண்டு மொத்தமும் காலி! விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த எழுத்தை மட்டும் நீக்குங்கள். பார்ட்டிஷனை டிலீட் செய்துவிடாதீர்கள்.

உபுண்டுவில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, விண்டோஸ் பார்ட்டிஷனின் மவுன்ட் ஆப்ஷன்ஸில் தானாக மவுன்ட் ஆவதையும் (பயன்படுத்தும்படி இணைவதையும்) திரையில் காட்டுவதையும் ஆஃப் செய்தால் போதும்.

ஆனால் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே நேரடியாக ஒரு சிஸ்டத்தை இயக்கும் பென் டிரைவ்) போட்டால் எல்லாமே தெரியும். ரகசியம் முக்கியம் என்றால் விண்டோஸுக்கு பிட்லாக்கர், உபுண்டுவுக்கு லக்ஸ் என்ற பூட்டும் வசதிகளால் என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம்) செய்யுங்கள். லக்ஸை இன்ஸ்டால் செய்யும்போதே தேர்ந்தெடுப்பதுதான் சுலபம். பிட்லாக்கர் ரெகவரி கீயை முதலிலேயே வேறிடத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழக்கமாக இரண்டுக்கும் பொது, அதில் கை வைக்க வேண்டாம்.