அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களின் பாலைவனத்தில் வெப்பக்காற்று பலூன்கள் ஏன் விடியற்காலையிலேயே கிளம்புகின்றன?

வெயில்தான் காரணம். அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலி பள்ளத்தாக்கில் சூரியன் ஏறிவிட்டால் மணலும் பாறையும் சூடாகி, அங்கங்கே காற்று குபுக்கென்று மேலே கிளம்பும். அதில் மாட்டினால் பலூன் பைலட்டின் பேச்சைக் கேட்காது. உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில்தான் பலூன் மிதக்கிறது என்பதால், விடியற்குளிரில் கேஸும் மிச்சம்.

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும்; ஏறியும் இறங்கியும் தோதான காற்றைப் பிடிக்க வேண்டும். சுமார் 300 மீட்டர் உயரப் பாறைகளுக்கு நடுவே இது லேசுப்பட்ட வேலையில்லை.

அப்புறம், அது நவஹோ மக்களின் நிலம். 1958 முதல் அவர்களே நடத்தும் பூங்கா. சும்மா பலூனை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது, அவர்களின் அனுமதி வேண்டும். ஸ்வெட்டரும் கட்டாயம், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாலைவனமானாலும் விடியலில் நடுங்கும்.