நன்கொடை திரட்டப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. என் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி அவர்களுக்கு 2 லட்சம் ரூபாய் திரட்டித் தர ஆசை. இதுவரை யாரிடமும் பணம் கேட்டுப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் க்யூஆர் அட்டையும் இருக்க வேண்டும். பிறகு, இந்த 2 லட்சம் எதற்குச் செலவாகும் என்று கேளுங்கள். "பொதுச் செலவுக்கு" என்று சொன்னால் அத்தோடு விடாதீர்கள். செவிலியர் போய்வரும் வண்டிக்கு பெட்ரோல், புண்ணுக்குக் கட்டுப்போடும் துணி, படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை என்று பொருள் பொருளாக, விலையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த விவரம் கையில் இருந்தால் கேட்கும்போது வாய் குழறாது. அவர்களுக்காக நீங்கள் நிதி திரட்டுவதை ஒப்புக்கொண்டு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம். ஆளுக்கு ஆயிரம் வீதம் 200 பேர் தருவார்கள் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. 20,000 தருபவர் 2 பேர், 10,000 தருபவர் 6 பேர், 5,000 தருபவர் 10 பேர், 2,000 தருபவர் 15 பேர், 1,000 தருபவர் 20 பேர்: கூட்டினால் சரியாக 2 லட்சம், தந்தவர்கள் 53 பேர். மூன்று நான்கு பேரைக் கேட்டால் ஒருவர் தருவார் என்று வைத்துக்கொண்டால், நோட்டில் 150 முதல் 200 பெயர்கள் வேண்டும். போனில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு தொகையைப் போடுங்கள். தொகை சொல்லாமல் "முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் 200 ரூபாய்தான் வரும்; தருபவருக்கும் எவ்வளவு கொடுப்பது என்று தடுமாற்றமாக இருக்கும்.

முதல் தொகை உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு நோட்டில் மேலே இருக்கும் 20 பேருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். மூன்றில் ஒரு பங்காவது சேர்ந்த பிறகே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். காலியான உண்டியலில் முதல் காசு போட எவருக்கும் தயக்கம் இருக்கும். மொத்தம் நான்கு வாரம் போதும். பகிரங்கமாக அறிவிக்கும் நாள் மாதத்தின் 1 முதல் 7 தேதிக்குள், சம்பளம் வந்த கையோடு இருக்க வேண்டும். ஜூன் வேண்டாம், பள்ளிக் கட்டணத்தில் வீடுகள் திணறும் மாதம் அது.

கேள்வி: எல்லோரும் என் ஜிபே எண்ணுக்கே அனுப்பட்டும், மொத்தமாகச் சேர்ந்ததும் நான் அறக்கட்டளைக்குக் கட்டிவிடுகிறேன் என்றால் என்ன தவறு? சுலபமாக இருக்குமே?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் நாணயத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறக்கட்டளைக்குப் பணம் கட்டியவர் நீங்கள் என்பதால் ரசீது உங்கள் பெயரில்தான் வரும். பணம் தந்த 53 பேரில் ஒருவருக்கும் வரிச் சலுகை கிடைக்காது. இரண்டாவது, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்தால் அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். அது பரிசல்ல, பிறருக்காக வாங்கிய பணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வீட்டு மளிகைப் பணமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் கடைசியில் கணக்கு சொல்ல நீங்களே திணறுவீர்கள்.

அறக்கட்டளையின் க்யூஆரையே அனுப்புங்கள். அனுப்பும் முன் நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் அறக்கட்டளையின் பெயர் வரவேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயர் வந்தால் அந்த அட்டையைத் தொடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறக்கட்டளையின் கணக்கில் தினமும் பலர் பணம் போடுவார்கள். உங்கள் மூலம் வந்தது எது என்று எப்படித் தெரியும்? குறிப்பில் உங்கள் பெயரை எழுதச் சொன்னால் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள். மொய்க்கு 501, 1,001 என்று ஒரு ரூபாய் சேர்த்து எழுதும் பழக்கம் நமக்கு இருக்கிறதல்லவா? அதையே பயன்படுத்துங்கள். "1,007 அல்லது 2,007 என்று 7-ல் முடியும்படி அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். வங்கி அறிக்கையில் 7-ல் முடியும் வரிகளை அறக்கட்டளைக் கணக்கர் ஐந்து நிமிடத்தில் பொறுக்கி எடுத்துவிடுவார். 1 வேண்டாம், வழக்கமாக நன்கொடை தருபவர்களும் 1-ல்தான் முடிப்பார்கள். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை வாங்கி நோட்டோடு ஒப்பிடுங்கள்.

வரிச் சலுகை வேண்டுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2021-22 நிதியாண்டிலிருந்து வெறும் ரசீது போதாது. நன்கொடை தந்தவரின் விவரத்தை அறக்கட்டளை வருமான வரித் துறையில் பதிவேற்றி, அங்கிருந்து சான்றிதழ் எடுத்துத் தரவேண்டும். நிதியாண்டு முடிந்தபின் மே 31 இதற்குக் கடைசி நாள். அதற்குப் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் தேவை. யூபிஐயில் முகவரியும் பான் எண்ணும் போகாது. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சலுகை போய்விடும். எனவே பணம் அனுப்பிய அன்றே அறக்கட்டளைக்கு நேரடியாக விவரம் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பான் எண்ணைப் போடச் சொல்லாதீர்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. அதனால் "வரி மிச்சமாகும்" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவைக்காதீர்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். 300 பேராவது பார்த்திருப்பார்கள். 6 பேர்தான் கொடுத்தார்கள். மனம் விட்டுப்போயிற்று.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மனம் தளராதீர்கள், நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. குழுவில் போட்டதை ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள், ஒரு நாளைக்கு 15 பேர் என்று. இப்படி இருக்கலாம்:

"மாலா அக்கா, நல்லா இருக்கீங்களா? படுக்கையில இருக்கிற நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற அறக்கட்டளைக்கு இந்த மாசம் பணம் சேர்க்கிறேன். இதுவரை 71,000 சேர்ந்திருக்கு. உங்களால 2,007 ரூபாய் தர முடியுமா? அறக்கட்டளை க்யூஆர் கீழே இருக்கு. முடியலைன்னாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க."

ஆறே வரிதான், அதில் தொகை இருக்கிறது, மறுக்கவும் வழி இருக்கிறது. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இருப்பதால்தான் பதில் வருகிறது. பதில் இல்லாதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஒருமுறை, முடிவதற்கு இரண்டு நாள் முன் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் உறவு கசக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் வரவு படுத்துவிடும், அது இயல்பு. அப்போது "இன்னும் தாருங்கள்" என்று கேட்காமல், வாங்கிய முதல் காற்று மெத்தையின் படத்தை அனுப்புங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகளும் பணம் தர விரும்புகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைவிட எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதே முக்கியம். தம்பி இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அறக்கட்டளை அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சித்தி மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அவர் ஊருக்கு வந்து இங்கே ரூபாயில் கொடுத்தாலும் அப்படித்தான். அதைப் பெற அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். பதிவு இல்லாவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உங்கள் கணக்கில் வாங்கி மாற்றிக்கொடுத்தால் நல்ல அறக்கட்டளையே வழக்கில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: இணையத் தளம் வழியாகத் திரட்டுவது நல்லதா?
– வாசகர், கோவை

பதில்: தருபவர்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தால் நல்லது. தளத்தின் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போக 1,000 ரூபாயில் அறக்கட்டளைக்கு எவ்வளவு சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். சில தளங்களில் "டிப்" என்ற பெயரில் ஒரு தொகை தானாகவே சேர்ந்து நிற்கும். அதைப் பூஜ்யமாக மாற்றுவது எப்படி என்பதை உங்கள் மெசேஜிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: காப்பகக் குழந்தைகளின் படத்தைப் போட்டால் மனம் இளகிக் கொடுப்பார்கள் என்கிறார் நண்பர்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிடப் பெரிது, அந்தப் பிள்ளை நாளை கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் யாராவது ஒருவர் போனில் இருக்கும். வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகள், புதிதாக அட்டை போட்ட நோட்டுகள், சமையலறையில் கொதிக்கும் சாம்பார் அண்டா, இவற்றைப் படம் எடுங்கள்.