குரல்வழி நீதிமன்றப் பதிவாளராக மூன்று ஆண்டு ஆகிவிட்டது. திறமையை வளர்க்க எந்தப் பயிற்சிக்குப் பணம் செலவிடலாம்?

நானும் அமெரிக்காவில் இதே வேலையில்தான் இருக்கிறேன், இது 11வது ஆண்டு. எந்த வகுப்பிலும் சேரும் முன், சென்ற வாரம் பதிவான உங்கள் குரலையே போட்டுக் கேளுங்கள். காசு செலவில்லை, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக: ஸ்டெனோமாஸ்க் என்ற மூடியை வாயோடு பொருத்திக்கொண்டு, நீதிமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் தணிந்த குரலில் நாங்கள் திரும்பச் சொல்வோம். மென்பொருள் அதை எழுத்தாக்கும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பேசுவது யார் என்பது எல்லாவற்றையும் நாங்களே சொல்லியாக வேண்டும். 1940களில் ஹோரஸ் வெப் என்ற சுருக்கெழுத்தர் தொடங்கிவைத்த முறை இது.

கேள்வி பதில் விசாரணைக்கு நிமிடத்துக்கு 225 சொல், 95 சதவீதத் துல்லியம் என்பது சுருக்கெழுத்துத் தேர்வுகளில் நன்கு தெரிந்த அளவுகோல். கணக்குப் போட்டால் ஐந்து நிமிடத்தில் 1,125 சொல், அதில் 56 பிழை வரை மன்னிப்பு. தேர்வுக்குச் சரி, நாள் முழுக்க அப்படி ஓடினால் இரவெல்லாம் திருத்திக்கொண்டே உட்கார வேண்டியதுதான். அதனால் வேகத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தவருக்கு வேகம் இருக்கும்.

என் கண்ணைத் திறந்தது ஒரு மருத்துவர் சாட்சியம். அவர் 'ஹைப்பர்டென்ஷன்' என்று சொன்ன ஏழு இடங்களில் என் பிரதியில் 'ஹைப்போடென்ஷன்' என்று இருந்தது. ஒன்று ரத்த அழுத்தம் ஏறுவது, மற்றது இறங்குவது. நல்லவேளை, பிழைதிருத்தும்போது கண்ணில் பட்டது. மென்பொருளைத் திட்டிக்கொண்டே என் குரலைக் கேட்டால், நடுவில் வரும் அந்த 'ர்' ஒலியை நான்தான் விழுங்கியிருக்கிறேன்! அப்புறம் அந்த இரண்டு சொல்லுக்கும் வேறெந்த ஆங்கிலச் சொல்லோடும் குழம்பாத இரண்டு குரல் குறியீடுகள் (அந்தச் சொல்லுக்குப் பதிலாக மூடிக்குள் சொல்லும் ஒலிகள்) வைத்தேன். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் அப்படித்தான் பிரித்தேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாட்சி சொன்னது என்ன, திரையில் வந்தது என்ன, அப்போது மணி என்ன. இதில் மணிதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. என் பிழைகளில் பெரும்பகுதி பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விழுந்திருந்தது. சொல்வளம் போதவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன், உண்மையில் களைத்துப்போனது தொண்டை. களைத்ததும் என்னை அறியாமல் கிசுகிசுக்கத் தொடங்கியிருக்கிறேன். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, அதனால் 'bat' என்றாலும் 'pat' என்றாலும், 'bin' என்றாலும் 'pin' என்றாலும், ஆங்கிலத்தில் அவற்றைப் பிரிக்கும் b, p ஒலி வேறுபாடு (தமிழ் எழுத்தில் காட்டக்கூட முடியவில்லை, பாருங்கள்) பெரும்பாலும் கரைந்துவிடும். பாவம் மென்பொருள், எதை வைத்துப் பிரிக்கும்?

எனவே நான் பணம் கொடுத்துப் போன முதல் ஆள் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். சத்தத்தைக் குறைத்தாலும் குரலை விடாமல் பேசுவது, மூச்சு எடுக்கும் இடம், இடைவேளையில் யாரோடும் பேசாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பது என்று சில அமர்வுகளில் கற்றுக்கொண்டவை இன்றும் உதவுகின்றன. இடைவேளையில் சக ஊழியர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்தார்கள், அது தனிக் கதை.

இரண்டாவது செலவு, ரியல்டைம் (பேசப் பேசவே எழுத்து திரையில் வரும் முறை) சான்றிதழ். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வழியே அதில் கிடையாது, சொல்லும்போதே சுத்தமாக வர வேண்டும். அதற்குத் தயாராகும் மாதங்களில் உங்கள் குறியீட்டு அகராதியில் இருக்கும் குப்பையெல்லாம் வெளியே வரும்.

நேஷனல் வெர்பாட்டிம் ரிப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் மாதிரியான சங்கங்களின் மாநாடுகளுக்குப் போங்கள், சான்றிதழைத் தக்கவைக்க எப்படியும் கல்வி மணிநேரம் சேர்க்க வேண்டும். மேடைப் பேச்சைவிட, மற்றவர்கள் என்ன குறியீடு வைத்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் கேட்பதில்தான் எனக்கு லாபம் கிடைத்தது. இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே நேரத்தில் கத்தும்போது எப்படிக் குறுக்கிடுவது என்பதையும் அங்கேதான் ஒரு மூத்தவரிடம் கற்றேன்: வழக்கறிஞர்களைப் பார்க்காதே, நீதிபதியைப் பார்த்துக் கையைத் தூக்கு.