பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே கேதார்நாத் வானிலையை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: மே முதல் வாரத்தில் 68 வயதான அம்மாவுடன் கேதார்நாத் செல்லவிருக்கிறோம். நாங்கள் மலையேறும் நாளுக்குக் கைபேசிச் செயலி வெயில் படம் காட்டுகிறது. பயண முகவரோ, "வானிலைக்கு நான் பொறுப்பு, ஹெலிகாப்டருக்கு முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுங்கள்" என்கிறார். இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு நாள் கழித்து வரும் ஒரு குறிப்பிட்ட நாள் எப்படி இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையே மாவட்ட வாரியான எச்சரிக்கையை ஒரு வாரத்துக்குள் அடங்கும் காலத்துக்குத்தான் தருகிறது. அதற்கு அப்பால் அது சொல்வதெல்லாம் வாரக் கணக்கிலான பொதுப் போக்கு மட்டுமே. செயலியில் நீங்கள் பார்க்கும் சூரியன், பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குக் கணினி போட்ட சராசரி. அந்தப் பக்கத்திலோ சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 370 மீட்டரிலும் கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டரிலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கொண்டால், கீழே நீங்கள் நனையும் மழை மேலே பனியாக விழக்கூடும்.

முகவரைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வானிலைக்குப் பொறுப்பேற்பதாகச் சொல்பவரிடம், பறப்பு ரத்தானால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். கேதார்நாத் ஹெலிகாப்டர் இருக்கைகள் ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில்தான் பதிவு செய்யப்படுகின்றன. அதே தோற்றத்தில் போலித் தளங்கள் நடத்திப் பணம் பறிக்கும் கூட்டம் யாத்திரைக் காலம்தோறும் முளைக்கிறது. அசல் சீட்டு கையில் இருந்தாலும், விமானி கண்ணால் வழி பார்த்துத்தான் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் பறக்க வேண்டும். மேகம் இறங்கினால் வழி மறைந்துவிடும். 2025 ஜூன் 15 அன்று, கேதார்நாத் நடைபாதை தொடங்கும் கௌரிகுண்ட் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, பறக்க மறுக்கும் விமானியிடம் வாதாடாதீர்கள்.

இந்தப் பருவத்தில் வானம் நிலையற்றிருக்க முக்கியமான காரணம், பகலில் வெயில் பட்டுச் சூடாகும் சரிவுகளிலிருந்து காற்று மேலெழுந்து, நண்பகலுக்குப் பின் இடியும் ஆலங்கட்டியுமாக இறங்குவது. ஆகையால் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் ஒதுங்கிவிடுங்கள் என்பதுதான் பொது விதி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேலடுக்குக் காற்றோடு வரும் மேற்கத்திய இடையூறு என்னும் மழைக் காற்றமைப்பு வலுவாகத் தாக்கும் நாட்களில் காலை, மாலை என்ற வேறுபாடே இருக்காது. ஒரு நாளோ இரண்டு நாட்களோ விடாமல் மழையும் பனியும் பெய்யலாம்; விடியலில் புறப்பட்டவர் விடியலிலேயே நனைவார். முந்தைய நாள் வானத்தில் மெல்லிய வெண்மேகம் திரையாகப் படர்ந்து, சூரியனைச் சுற்றி வளையம் தெரிந்து, இரவும் வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அது கடந்துபோன மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் முந்தைய நாள் ஈரம் இரவில் உறைந்து நடைபாதை வழுக்கும், நனைந்த சரிவுகளிலிருந்து கல்லும் உருளும். வானம் தெளிந்துவிட்டது என்று அன்று காலையே கிளம்பாமல், வெயில் ஏறும் வரை பொறுத்திருங்கள். இந்த இடையூறு வருவது பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

தெரிந்தும் பயனில்லாதபடி அறிக்கை எழுதப்படுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எச்சரிக்கையின் கடுமையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏறுவரிசையில் நிறத்தால் காட்டும் வானிலைத் துறையினர், கேதார்நாத் அடங்கிய ருத்ரபிரயாக் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசுகிறார்கள். ஆற்றங்கரை ஊருக்கும் பனிமலை அடிவாரத்துக்கும் அதே மஞ்சள். அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" மழை என்றால், மழை அளக்கும் நிலையங்களில் அதிகபட்சம் 25 சதவீத நிலையங்களில் மழை பதிவாகலாம் என்று பொருள் என்பதை, ஆண்டுதோறும் செல்லும் தமிழ் யாத்திரிகர்களுக்கு அவர்கள் மொழியில் யார் விளக்கினார்கள்?

உங்கள் திட்டத்தில் இரண்டு உதிரி நாட்களைச் சேருங்கள். புறப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்து டேராடூன் வானிலை மையத்தின் அறிக்கையைத் தினமும் பாருங்கள். ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் வழியில் கீழே உள்ள குப்தகாசி ஊரிலேயே தங்கிவிடுங்கள். மஞ்சள் என்றால் விடியலில் கிளம்பலாம். ஹெலிகாப்டர் இல்லாமல், ஆட்கள் சுமக்கும் டோலியில் சென்றாலும் அம்மாவால் நண்பகலுக்குள் கோயிலை எட்டுவது கடினம் என்பதால், நடைபாதையில் கோயிலுக்கு முன்னால் வரும் லிஞ்சோலியில் ஓர் இரவு தங்க இடம் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மீதித் தூரத்தை ஏறுங்கள்.