வண்டி கேள்வி-பதில்: ஆயில் மாற்ற எது கணக்கு, கிலோமீட்டரா மாதமா?

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வருடத்துக்கு 3,500 கி.மீ. கூட ஓடுவதில்லை. மார்க்கெட், கோயில், பேரனைப் பள்ளியில் விடுவது, அவ்வளவுதான். 10,000 கி.மீ. வரை தாங்கும் என்கிறார்கள். சர்வீஸ் சென்டரிலோ வருடா வருடம் மாற்றச் சொல்கிறார்கள். காசு பிடுங்கும் வேலையா?
– தாம்பரம் வாசகர்

இல்லை. கையேட்டில் அந்த வரியை முழுதாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது’ என்றுதான் இருக்கும். உங்களுக்கு மாதம்தான் முந்துகிறது.

குறைவாக ஓடினால் ஆயில் குறைவாகத்தான் கெடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சமும், எஞ்சின் சூடேறும் முன் சரியாக எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் இவை ஆவியாகிப் போகும். மீட்டரில் தண்ணீர்ச் சூட்டு முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் முழுச்சூடு ஏற இன்னும் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் பள்ளி வந்துவிட்டால் ஈரமும் பெட்ரோலும் உள்ளேயே தங்கி அமிலமாகும். அதை முறிக்கத்தான் ஆயிலில் மருந்துச் சரக்கு கலந்திருக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் பிசுபிசுப்பும் துருவும் தொடங்கும். சென்னையிலிருந்து திருச்சிக்கு நிற்காமல் போய்வரும் காரின் ஆயில் உங்களுடையதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணெய் போல வெளிர்மஞ்சளாகப் படிந்திருந்தால் இந்த ஈரம்தான். வாரம் ஒருமுறை 20, 25 கி.மீ. ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். காலையில் போர்ட்டிகோவில் பத்து நிமிடம் ஐடிலில் விடுவதால் பயனில்லை. சூடும் சரியாக ஏறாது, ஆயிலில் பெட்ரோல்தான் கூடும். பல கையேடுகளில் ‘கடின ஓட்டம்’ என்று தனி அட்டவணையே இருக்கிறது. அதில் இடைவெளியைப் பாதியாகக் குறைத்திருப்பதும் உண்டு. குறுந்தூர ஓட்டம் அந்தப் பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

கேள்வி: பிஎஸ்6 (புதிய புகைக்கட்டுப்பாட்டு விதி) டீசல் கார். ஆயில் மாற்றி 500 கி.மீ.கூட ஆகவில்லை, டிகாஷன் மாதிரி கறுத்துவிட்டது. மெக்கானிக் போலி ஆயில் என்கிறார். மாற்றிவிடலாமா?
– திருப்பூர் வாசகர்

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் எரிந்தால் புகைக்கரி வரும். அதைத் தன்னோடு மிதக்கவிட்டு, எஞ்சினுக்குள் படியாமல் பார்த்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுத்தது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கறுக்காமலே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது டிப் ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியில், அளவு கூடுகிறதா என்பதை. பிஎஸ்6 டீசலில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் அவ்வப்போது கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ஊருக்குள்ளேயே ஓட்டி, அந்த எரிப்பு பாதியில் இருக்கும்போது வண்டியை அணைத்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் தண்ணீர்போல் இளகும், பேரிங் தேயும். அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் வந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அவிநாசி பைபாஸ் பக்கம் போய், கையேட்டில் சொன்ன வேகத்தில் விளக்கு அணையும்வரை சீராக ஓட்டுங்கள்.

இந்த வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பியத் தரக்குறியீடு) சி2 அல்லது சி3, உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அது இருக்கிறதா பாருங்கள். பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. டிபிஎஃப் மாற்றும் செலவோடு பார்த்தால் ஆயிலில் மிச்சம்பிடித்தது ஒன்றுமேயில்லை.

கேள்வி: மதுரை வெயிலுக்கு 0டபிள்யூ-20 கிரேடு ஆயில் தண்ணியாக இருக்கிறது, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள் என்கிறார்கள். சரியா?
– மதுரை வாசகி

சரியல்ல. வெளியே 40 டிகிரி இருந்தாலும் 20 டிகிரி இருந்தாலும் எஞ்சினுக்குள் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கும். ஆயிலின் இரண்டாவது எண் 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு), 50 என்றால் 16.3 முதல் 21.9. ஏறத்தாழ இரண்டு மடங்கு. அம்பாசடர் காலத்து எஞ்சினில் இடைவெளிகள் பெரிதாக இருந்தன, கெட்டி ஆயில் பொருந்தியது. இப்போதைய எஞ்சினில் வால்வு டைமிங்கை மாற்றும் பாகமே ஆயில் அழுத்தத்தில், நுண்ணிய துளைகள் வழியாக இயங்குகிறது. கெட்டி ஆயில் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும், மைலேஜும் குறையும்.

கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு கொடுத்திருந்தால் அதற்குள் தேர்ந்தெடுங்கள். ஏபிஐ என்ற அமெரிக்கத் தரக்குறியீட்டில் எஸ்பி 2020இல் வந்தது; எஸ்என் கேட்கும் பழைய பெட்ரோல் காருக்கும் அதை ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காருக்கு எஸ்என் கூடாது.

கேள்வி: ஆயில் இரண்டு முறை மாற்றினால் ஃபில்டர் ஒருமுறை மாற்றினால் போதுமா?
– நாகர்கோவில் வாசகர்

போதாது. பழைய ஃபில்டருக்குள் 200, 300 மில்லி அழுக்கு ஆயில் தங்கியிருக்கும். புது ஆயிலோடு அது முதல் நிமிடத்திலேயே கலந்துவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். விளக்கு எதுவும் எரியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்தால், மலிவு ஃபில்டரின் ஆயிலைப் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றிக்கொள்ள ஆசை. எங்கே தப்பு நடக்கும்?
– பொள்ளாச்சி வாசகர்

முதல் தப்பு ஜாக்கியில். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு அண்டைக்கட்டை, பிறகு வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஆக்சில் ஸ்டாண்ட்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்குங்கள். கொதிக்கும் ஆயில் கையைச் சுடும். மேல் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். பல கார்களில் 14 அல்லது 17 எண் ஸ்பேனர். சொட்டு நிற்கும்வரை, கால் மணி நேரமாவது வடியட்டும். போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பத்து இருபது ரூபாய்தான். பழைய வாஷரையே போட்டுவிட்டுக் கசிகிறது என்று பலம்கொண்டு முறுக்குவதால்தான் அலுமினிய சம்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரெட் போகிறது. கையால் நான்கைந்து சுற்று சுலபமாக ஏறவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது; கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா பாருங்கள். சிலசமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரட்டை ரப்பராகி, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். சில நிமிடத்தில் சம்ப் காலி, எஞ்சின் இறுகி நின்றுவிடும். வீட்டு வேலையில் நடக்கும் பெரிய விபத்து இதுதான். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். டப்பா வடிவில் இல்லாமல் காகித உள்ளீடாக வரும் ஃபில்டருக்கு மூடியின் ஓ-ரிங்கை மாற்றி, மூடியில் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 3.6 லிட்டர் வரை பிடிக்கும். உங்கள் அளவு கையேட்டில். 300 மில்லி குறைத்தே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்தால் ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, கீழே கசிவு பார்த்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளந்து மேல்கோடுவரை நிரப்புங்கள். ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று மேலே ஊற்றாதீர்கள். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு மசகுத் திறன் கிடையாது.

பழைய ஆயிலைக் காலி டப்பாவில் பிடித்து, அதைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையிலோ தென்னைக்கு அடியிலோ கொட்டுவது நிலத்தடி நீருக்குக் கேடு.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் கார் பானெட் வரை மூழ்கியது. மறுபடி அப்படி ஆனால் ஆயிலுக்கு என்ன செய்வது?
– வேளச்சேரி வாசகர்

தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டோ செய்துகொண்டு போங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. வடித்து, ஃபில்டரோடு மாற்றி, சற்று நேரம் ஓட்டியபின் மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஒரே தடவையில் ஈரம் முழுதாகப் போகாது. கியர் பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளமே பார்க்காத காரில் இதே பால்காபி நிறம் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள்.

கேள்வி: சிஎன்ஜி காரில் ஆயில் தேன் மாதிரியே இருக்கிறது. இன்னும் 5,000 கி.மீ. ஓட்டலாமா?
– ஓசூர் வாசகர்

வேண்டாம். கேஸ் எரிந்தால் கரி வராது, அதனால் நிறம் மாறவில்லை. ஆனால் எரியும் சூட்டில் ஆயில் உள்ளுக்குள் கெட்டியாகிக்கொண்டுதான் இருக்கும். கையேட்டில் உள்ள இடைவெளியிலேயே மாற்றுங்கள்.

கேள்வி: சர்வீஸில் எஞ்சினுக்குள் உள்ள பிசுக்கைக் கரைக்கும் ‘எஞ்சின் ஃபிளஷ்’ போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– சேலம் வாசகி

நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்குத் தேவையில்லை. பல வருடம் மாற்றாமல் ஓடிய வண்டியிலோ அது பிசுக்கைக் கட்டியாகப் பெயர்த்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடக்கூடும். அந்த வண்டிக்கு நல்ல ஆயிலை ஊற்றி, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை வீதம் இரண்டு மூன்று தடவை ஃபில்டரோடு மாற்றினால் மெதுவாகக் கரைந்து வந்துவிடும்.